பழைய மார்க்கெட்டில் பதினேழு கொசுறு

1

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது, ஆனால் இன்னும் சுடவில்லை. காற்று இல்லை. விடியற்காலையில் மலைமேல் இருந்த பனி முழுவதும் விலகி, பாறைகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம்போல் இருந்தது. கழுத்துவலி காரணமாக எண்ணவில்லை. திருவண்ணாமலை பழைய மார்க்கெட் கட்டடத்தில், டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். எனக்கு முன்னாலும் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை.

நான் இங்கிலாந்தில் குடியேறி இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவி வசந்தா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது, நான் பெட்டி தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் கிடங்கிலேயே எனக்கும் வேலை கிடைத்தது. பஞ்சு, ஊசி, கையுறை எல்லாவற்றுக்கும் இருப்புக் கணக்கு பார்த்து ஓய்வுபெற்றேன். இப்போது வயது எழுபத்திரண்டு. அங்கே குளிர் எலும்புக்குள் இறங்கும் மாதங்களில் ஊருக்கு வந்து, வேங்கிக்காலில் தங்கை வீட்டில் ஏழு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவேன்.

பழைய மார்க்கெட்டை இளையவர்கள் பூட்டிக் கிடந்த கட்டடமாகத்தான் பார்த்திருப்பார்கள். நாற்பத்தெட்டு இரும்புத் தூண்கள், ஓட்டுக்கூரை, நடுவில் ஏலம் விடும் மேடை. இருபத்து மூன்றாம் எண் கடை என் அப்பா முனுசாமியுடையது, வெங்காயமும் உருளைக்கிழங்கும். பக்கத்தில் இருபத்து நான்கு காதர் பாய் கடை, கயிறும் கூடையும். வியாபாரிகள் புதிய கட்டடத்துக்குப் போன பிறகு, வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தமான இந்த இடம் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. சென்ற ஆண்டு காதர் பாயின் மகன் சலீம் தன் கயிற்றுக் கடையை மூடிவிட்டு, சங்கத்திடமிருந்து இதை எடுத்து அரங்கமாக்கினான். ஏல மேடை நாடக மேடையாயிற்று. கூடை தொங்கிய கொக்கிகளில் சீரியல் விளக்கு தொங்குகிறது. நாற்காலி இருநூற்று நாற்பது, மின்விசிறி பதினாறு.

ஜன்னலுக்குள் சலீமே இருந்தான். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் ஊரைவிட்டுப் போனபோது மீசை முழுக்கக் கறுப்பு.

"டிக்கெட்டு எவ்வளவு சலீம்?"

"நூறுதாண்ணா. எல்லாம் ஒரே வெல. எங்க வேணா உக்காரலாம்."

"அறுபது வயசுக்கு மேல கம்மி உண்டா?"

"கம்மியா?" டிக்கெட் புத்தகத்தின்மேல் இருந்த அவன் கை அப்படியே நின்றது.

"எங்க ஊர்ல வயசானவங்களுக்குப் பாதி. நான் அங்க தியேட்டர்ல தொண்டு வேல பாக்கறவன், எனக்கு அந்தப் பாதியும் கெடையாது, ஓசி."

சலீம் பக்கத்தில் பார்த்தான். அங்கே ஸ்டூலில் எத்திராஜுலு உட்கார்ந்திருந்தார். தேங்காய் வியாபாரி, சங்கத் தலைவர், எழுபத்தெட்டு வயது. நான் நாடகம் எத்தனை மணிநேரம், இடைவேளை எத்தனை நிமிடம், வெளியே போக எத்தனை வழி என்று கேட்டேன். இரண்டேகால் மணி, பதினைந்து நிமிடம், மூன்று வழி என்றான் சலீம்.

"சரி, சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

எத்திராஜுலு என்னை அழுகின தேங்காயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

2

ஏன் உறைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நான் இருக்கும் சிறிய ஊரிலும் ஒரு பழைய மார்க்கெட் கட்டடம் உண்டு. ஒரு காலத்தில் இறைச்சி, மீன், பாலாடைக்கட்டி விற்ற இடம், இப்போது நாடக அரங்கம். முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள், எல்லாம் தரையோடு முடுக்கியவை. செவ்வாயும் சனியும் வருகிறவர்களை இருக்கைக்கு அழைத்துப் போகும் சம்பளமில்லாத வேலை என்னுடையது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தலை எண்ணும் கருவி. ஒரு தலைக்கு ஒரு அமுக்கு.

இந்த வேலைக்கு ஒன்பது பக்க விண்ணப்பம் கேட்டார்கள். என்னை நல்லவன் என்று சொல்ல இரண்டு பேர், காவல்துறைச் சான்று, தீ பிடித்தால் என்ன செய்வது என்று அரைநாள் வகுப்பு. ஐந்து வாரம் ஆயிற்று. கடைசியில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்கள். அதில் 'முனுசாமி' என்று இருந்தது. கடவுச்சீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். திருத்த மூன்று கடிதம் எழுதினேன், இரண்டுக்குப் பதில் வந்தது, திருத்தம் வரவில்லை. ஆகவே வேலூரைத் தாண்டாத என் அப்பா வாரத்தில் இரண்டு நாள் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது மாற்றச் சொன்னால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சேர்ந்த புதிதில் வேலை முடிந்து கிளம்பும்போது மேலாளரிடம் "வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன். போகிறேன் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அந்தப் பெண்மணி, சொன்னவர் வருவார் என்று பனி கொட்டும் வாசலில் கதவைப் பூட்டாமல் இருபது நிமிடம் காத்திருந்தாராம். மறுவாரம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று இருவருக்கும் தெரியாது.

அங்கே டிக்கெட் ஜன்னலில் விலை கேட்கலாம், கம்மி கேட்கலாம், வாங்காமல் திரும்பலாம். உள்ளே இருக்கும் பெண் சிரித்து, இந்த நாள் உங்களுக்கு நல்ல நாளாக இருக்கட்டும் என்பாள். இருபத்து நான்கு ஆண்டு அப்படியே பழகிவிட்டது.

3

வேங்கிக்காலில் தங்கை மங்கை வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபத்தைந்து வயது, என்னைப் பார்த்துப் பயந்த நாள் ஒன்றுகூட இல்லை.

"இன்னாணா, டிக்கெட்டு வாங்கிட்டியா?"

"விசாரிச்சுட்டு வந்தேன். நூறு ரூபா. வயசானவங்களுக்குக் கம்மி இல்லையாம்."

"உனக்கு முன்னாடி யாராவது வாங்கினாங்களா?"

"இல்ல. நான்தான் மொத ஆளு."

கத்தி நின்றது. "மொத ஆளா போயி, வெல கேட்டு, கம்மி கேட்டு, வாங்காம வந்துட்டியா? அண்ணா! போணி நேரம்ணா அது!"

போணி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நாளின் முதல் விற்பனை. முதலில் வந்தவன் கை எப்படியோ அப்படித்தான் அன்றைய வியாபாரம். முதல் ஆள் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போய்விட்டால் அந்த நாளே படுத்துவிடும். ஒருமுறை ஒருவர் அப்படிப் போய்விட்டார். அப்பா இரண்டு கிலோ வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, அவர் கையில் இருந்த சில்லறை எவ்வளவோ அவ்வளவுக்கே கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்தக் கடையின் பிள்ளை நான், அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே போய் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன்.

"அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றேன்.

"ஆமா, நீ படிச்சவன். அப்ப இன்னாத்துக்கு உனக்கு வேர்க்குது?"

வேர்த்ததற்குக் காரணம் இருந்தது. சலீமுக்குச் சங்கம் மூன்று நிகழ்ச்சிகள் தவணை கொடுத்திருந்தது. மூன்றில் ஒன்றுக்காவது பாதி நாற்காலி, அதாவது நூற்று இருபது பேர், காசு கொடுத்து வந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் நாற்காலிகளை வெளியே எடுத்துவிட்டு, பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களின் வண்டி ஸ்டாண்டு ஆக்கிவிடுவார்கள். முதல் நிகழ்ச்சி வீணைக் கச்சேரி, அறுபத்து மூன்று பேர். இரண்டாவது பரதநாட்டியம், எண்பத்தெட்டு. அதில் சலீமின் நண்பர்கள் மேலும் முப்பத்திரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வராமல் இருந்து கணக்கை ஏற்றப் பார்த்தார்கள், எத்திராஜுலு கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து டிக்கெட் கணக்கு செல்லாது, நாற்காலியில் தலை இருக்க வேண்டும். தலையை அவரே எண்ணுவார். இந்த ஞாயிற்றுக்கிழமை நாடகம் மூன்றாவது, கடைசி. தோற்றால் சலீமுக்குத் திரும்பிப் போகக் கயிற்றுக் கடையும் கிடையாது.

பன்னிரண்டு மணிக்குப் போன் செய்தேன். "எத்தன போச்சு?"

"பதினாலுண்ணா." பிறகு சேர்த்துக்கொண்டான், "அதுல எட்டு நடிக்கிறவங்க வீட்டு ஆளுங்க."

அவன் காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பன்னிரண்டரைக்கு மகன் அருண் அழைத்தான். அங்கே காலை ஏழு மணி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைப்பான், பன்னிரண்டு நிமிடம் பேசுவான். விஷயத்தைச் சொன்னேன்.

"சிம்பிள்பா. மிச்சம் நூத்தி ஆறையும் நீங்களே வாங்கிடுங்க. நூறு பவுண்டுகூட இல்ல. நான் அனுப்பறேன்."

"நாற்காலியில ஆள் உக்காரணும்டா."

"ஆளுங்களுக்குச் சும்மா குடுங்க."

"சும்மா குடுத்தா யாரு வருவான்?"

அதற்குள் பேத்தி போனை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஒன்பது வயது. தமிழில் பத்து வரை எண்ணுவாள், பதினொன்றுக்கு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அன்று எனக்காகப் பன்னிரண்டு வரை எண்ணிக் காட்டினாள். பிறகு நீச்சல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். அருண் நல்ல பிள்ளை. எது கெட்டாலும் உடனே பணம் அனுப்பிச் சரிசெய்யப் பார்ப்பான். தூரத்தில் இருக்கிறவன் வேறு எதை அனுப்ப முடியும் என்று நானும் யோசித்திருக்கிறேன். நானும் பல ஆண்டு அதைத்தான் செய்தேன்.

4

ஒன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்குத் திரும்பினேன். போக வர நூற்று ஐம்பது. ஜன்னலில் நூறு ரூபாய் வைத்து, ஒன்றும் கேட்காமல் ஒரு டிக்கெட் வாங்கினேன்.

எத்திராஜுலு ஸ்டூலை விட்டு நகரவில்லை. "வாய்யா முனுசாமி மவனே. காத்தால பஸ்ஸுக்கு மத்தியானம் வந்து கைய காட்டறியா?"

"சலீம், எனக்கு நாலு புக்கு குடு. வித்துட்டு வரேன்."

"யாருக்குண்ணா விப்பீங்க?"

"நம்ம கடைக்காரங்களுக்குத்தான்."

எத்திராஜுலு தொடையைத் தட்டிச் சிரித்தார். "எங்க ஆளுங்களுக்கா? மூணு மாசமா ஒருத்தன் எட்டிப் பாக்கல. அவன் காசு குடுத்து வேடிக்க பாக்கறவனா?"

புத்தகம் ஒன்றுக்கு இருபத்தைந்து டிக்கெட், நான்கு புத்தகம், நூறு டிக்கெட். புது மார்க்கெட்டில் ஐம்பத்தெட்டுக் கடை. முதல் கடை தக்காளி மண்டி. உரிமையாளர் நாற்பது வயதுக்காரர், அவர் அப்பாவை எனக்குத் தெரியும். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நாடகம்?"

"சர்க்கார் வேலையில இருக்கறவங்க நடிக்கிறாங்க. ஒரு ஃபைலு காணாம போயிடுது. எல்லாரும் தேடறாங்க. ஒரே சிரிப்பு."

"ஏங்க, நான் பட்டாவுக்கு அலைஞ்சப்ப அத ஓசியிலயே பாத்துட்டனே. அதுக்கு நூறு ரூபாயா?"

கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நான் போகாமல் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் எடைக்கல்லை அடுக்கினார்.

"சரி, அஞ்சு எடுத்துக்கறேன், வீட்ல எல்லாம் வரட்டும். கொசுறு இன்னா?"

மருத்துவமனைக் கிடங்கில் இருபது ஆண்டு வேலை பார்த்தவன் நான். எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஊசிகூட யாருக்கும் கொடுத்ததில்லை. டிக்கெட்டில் எண் அச்சடித்திருக்கிறது, கிழித்த அடிக்கட்டை ஒவ்வொன்றுக்கும் சலீமுக்கு நூறு ரூபாய் போய்ச் சேர வேண்டும். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது, "ஒண்ணு."

"இது பேச்சு!" என்று ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தார்.

ஆறாவது டிக்கெட்டைக் கிழித்து, அடிக்கட்டையில் பென்சிலால் 'கொ' என்று எழுதினேன். அதை நான் வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

அதன்பிறகு வழி தெரிந்துவிட்டது. ஐந்துக்கு ஒன்று. வாழைக்காய்க் கடையில், கீரைக் கடையில், மளிகையில் எல்லாரும் முதலில் கேட்டது நாடகத்தைப் பற்றியல்ல, கொசுறைப் பற்றி. கொசுறு உண்டு என்றதும் முகம் மாறியது. நூறு ரூபாய்ச் சரக்கு என்று அப்போதுதான் நம்பினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் பதினோரு பேர் சாக்கின்மேல் படுத்திருந்தார்கள். பத்து வாங்கிக்கொண்டு இரண்டு கொசுறு எடுத்தார்கள். "டீ யாரு வாங்கித் தருவா?" என்று கேட்டதால் பதினோரு டீ, ஒன்று பன்னிரண்டு ரூபாய்.

வாசலில் பூ விற்கும் அம்மாள் ஒரே ஒரு டிக்கெட் எடுத்தார்.

"எனக்கு ஒண்ணு, மருமவளுக்கு கொசுறு ஒண்ணு."

"அஞ்சுக்குத்தாம்மா ஒண்ணு."

"மொழத்துக்கு மேல நாலு வெரல் பூ வுடறேனே, அத யாரு அளக்கறா?"

கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் ஒன்றுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள்.

நாலரை மணிக்கு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். விற்றது அறுபத்தெட்டு, கொசுறு பதினேழு. இடது முழங்கால் வலித்தது. மொத்தத்தில் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

5

ஐந்தே முக்காலுக்குச் சலீம், "அண்ணா, அந்தக் கதவுகிட்ட நின்னு ஆளுங்கள உள்ள அனுப்புங்க" என்றான். விண்ணப்பம் இல்லை, சான்று இல்லை. ஒரு நிமிடத்தில் வேலை கிடைத்துவிட்டது.

வேலைதான் நடக்கவில்லை. வரிசைக்குப் பதினைந்து வீதம் பதினாறு வரிசை நாற்காலி நேராகப் போட்டிருந்தது. வந்தவர்கள் எடுத்தவுடன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் போனார்கள். தூணுக்குத் தூண் ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்தது. இருபது நிமிடத்தில் ஒரு வரிசைகூட மிச்சமில்லை. நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக நேராக்கினேன். மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் சத்தமாகக் கேட்டார்:

"யோவ் பெரியவரே, நாற்காலி எங்க ஓடிப்போவப் போவுது? உக்காருய்யா!"

கூட்டம் சிரித்தது. உட்கார்ந்தேன்.

இங்கிலாந்து அரங்கத்தில் இருமல் வந்தால்கூட இடைவேளை வரை அடக்கிக்கொள்வார்கள். இங்கே மேடையில் ஒருவர் தலையில் கைவைத்துக் கோப்பைத் தேட, தக்காளி மண்டிக்காரர் எழுந்து, "டீ கிளாசுக்கு அடியில பாருங்க சார்!" என்று கத்தினார். நடிகர் நிஜமாகவே டீ கிளாசைத் தூக்கிப் பார்த்தார். "அங்கயும் இல்லைங்க" என்று கைவிரித்தார். அதற்குக் கிடைத்த கைதட்டல் எழுதிவைத்த வசனம் எதற்கும் கிடைக்கவில்லை.

இடைவேளை விட்டதும் எத்திராஜுலு எழுந்தார். வெளியே யாரும் போக வேண்டாம், ஐந்து நிமிடம் உட்காருங்கள் என்றார். விரலை நீட்டிக்கொண்டு நடுவில் நடந்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

அளக்கும்போதும் எண்ணும்போதும் மார்க்கெட்டில் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை, முதல் எண்ணுக்கு லாபம் என்றுதான் பெயர். அன்றைய லாபம் பூ விற்கும் அம்மாள். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தது. நூற்று இருபத்தேழு. கதவில் பார்த்த டிக்கெட் எண்களின்படி, நான் காசுக்கு விற்ற அறுபத்தெட்டில் இருபத்திரண்டு பேர் வரவில்லை, கடையை விட்டு வர முடிந்திருக்காது. கொசுறு வாங்கிய பதினேழு பேரில் ஒருவர்கூட வராமலில்லை.

சலீம் சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்றிருந்தான். சிரிக்கத் தொடங்கினான்.

"இருய்யா" என்றார் எத்திராஜுலு. "கோபாலு, நீ கொசுறு வுட்டியாமே. எத்தன?"

கோபால் என்பது நான். "பதினேழு."

"அப்ப நூத்திப் பத்து."

"தலைவரே, தலை இருக்குதே!"

"கொசுற எந்தக் கடையிலய்யா எண்ணியிருக்கான்? நூறு தேங்கா வித்து அஞ்சு கொசுறு வுட்டா, சீட்டுல நூறுன்னுதான் எழுதுவேன். உங்கப்பனும் அப்படித்தான் எழுதுவாரு. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அவரைவிடக் கறாராக. சலீம் என்னைப் பார்க்காமல் சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் போணியைக் கெடுத்தேன், மாலையில் கொசுறு விட்டு மொத்தத்தையும் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. சட்டைப்பையிலிருந்து அடிக்கட்டைகளை எடுத்தேன். 'கொ', 'கொ', 'கொ' என்று பதினேழு.

அதைப் பார்த்ததும்தான் ஒன்று பிடிபட்டது.

"எத்திராஜு அண்ணா, கொசுறு யாரு வுடுவாங்க?"

"இது இன்னா கேள்வி? கடைக்காரன்தான் வுடுவான்."

"இங்க கடைக்காரன் யாரு?"

"சலீமு."

"சலீமு ஒண்ணுகூட வுடலையே. அவன் சரக்கு மொத்தமும் வெலைக்குத்தான் போச்சு. பதினேழும் நான் அவன்கிட்ட காசுக்கு எடுத்தேன். எடுத்தத நான் வுட்டேன். அது என் கொசுறு, அவன் கணக்குல அது வியாபாரம்."

"எப்ப காசு குடுத்த?"

"இப்ப."

பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து, சலீம் கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். எல்லாரும் பார்க்க, சத்தமாக. லாபம் என்று தொடங்கிப் பதினேழில் நிறுத்தினேன்.

எத்திராஜுலு தக்காளி மண்டிக்காரர் பக்கம் திரும்பினார். "காத்தால நூறு ரூபாய்க்குக் கம்மி கேட்டவன்யா இவன்."

"வுடுங்க தலைவரே. சீமையில இருந்து வந்தவரு, ரேட்டு தெரியாம கேட்டுட்டாரு" என்றார் அவர். "நாங்க பாதி சிரிச்சுக்கினு இருக்கறோம். மிச்சத்தப் பாக்க வேணாமா?"

"ஃபைலு கெடைக்குதா இல்லையான்னு தெரியாம எப்படிப் போறது?" என்றார் பூக்கார அம்மாள்.

எத்திராஜுலு வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடியும் கட்டினார். "சலீமு, உன் பொட்டியில நூத்தி இருவத்தேழு தலைக்குக் காசு இருக்குதா?"

"இருக்குது பெரியப்பா."

"வராதவன் காசும் இருக்குமே?"

"அது இருவத்திரண்டு தனியா இருக்குது."

"அப்பறம் இன்னா. வண்டி ஸ்டாண்ட அடுத்த வருசம் பேசிக்கலாம். ஆட்டத்த ஆரம்பிக்கச் சொல்லு."

மூட்டை தூக்குகிறவர்கள் விசில் அடித்தார்கள். சலீம் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கை அணைத்தான். அவசரத்தில் மேடை விளக்கையும் சேர்த்து அணைத்துவிட்டான், உள்ளே யாரோ, "இப்ப நாங்களே காணாம போயிட்டோம்" என்றார்கள்.

இருட்டில் எத்திராஜுலு என் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் காதுப்பக்கம் குனிந்தார்.

"கோபாலு, நூத்தி இருவத்தெட்டாவது ஆளு ஒருத்தன் டிக்கெட்டு இல்லாம உக்காந்துக்கினு இருக்கான்."

"யாரு?"

"நான்தான். தலைவன்னு சொல்லி ஓசியில வந்துட்டேன். எனக்கு கொசுறு எங்கய்யா?"

இன்னொரு நூறு ரூபாயை எடுத்துவைத்தேன். கோப்பு கடைசியில் கிடைத்தது, எங்கே என்று சொல்லிவிட்டால் இனி பார்க்கப்போகிறவர்களுக்கு ருசிக்காது.

6

இங்கிலாந்துக்குத் திரும்பிப் பத்தொன்பது நாள் ஆகிறது. சனிக்கிழமை என் அரங்கத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர். எல்லாரும் எண் பார்த்து உட்கார்ந்தார்கள், யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை, தூக்கவும் முடியாது. அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த ஊர் அமைதிக்கும் அந்த ஊர் இரைச்சலுக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முன்பெல்லாம் மனதைப் போட்டு உழப்பிக்கொள்வேன். இப்போது இல்லை. ஏழு வாரம் அது, மீதி இது.

வசந்தாவிடம் சொன்னேன். போணியைக் கெடுத்த இடத்தில் சிரித்தவள் பதினேழை எண்ணி வைத்த இடத்தில் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். சலீம் செய்தி அனுப்பியிருக்கிறான். அதே நாடகத்தை மறுபடியும் போடச் சொல்லிக் கடைக்காரர்கள் கேட்கிறார்களாம். இந்தமுறை கடை லீவு விடும் நாளில். ஐந்துக்கு ஒன்று கொசுறு என்று ஜன்னலிலேயே எழுதி ஒட்டிவிட்டானாம், விலையை நூற்று இருபது ஆக்கிவிட்டு. வியாபாரியின் பிள்ளை.

அருண் போன ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோது, மொத்தம் எவ்வளவு ஆச்சுப்பா என்று கேட்டான். அவன் பவுண்டில் மாற்றுவதற்குள் நான் ரூபாயிலேயே சொல்லிவிட்டேன். என் டிக்கெட் நூறு, கொசுறு பதினேழுக்கு ஆயிரத்து எழுநூறு, எத்திராஜுலுவுக்கு நூறு, பதினோரு டீ நூற்று முப்பத்திரண்டு, ஆட்டோ நூற்று ஐம்பது. ஆக இரண்டாயிரத்து நூற்று எண்பத்திரண்டு ரூபாய்.